இலை டாலரும் வங்கிக் கவுன்ட்டரும்

வாசகி கேள்வி: எனக்கு வயது 26. மன்னார்குடியில் ஒரு வங்கிக் கிளையில் பணம் கட்டும் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாள்களிலிருந்தே அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் என்றால் உயிர். மிகவும் பிடித்த ஒரு தொடரில், கதை நடக்கும் ஊரின் சின்னமாக ஓர் இலையும் அதற்குள் ஒரு சுருளும் வரும். அந்தச் சின்னத்தில் ஒரு டாலரை இணையத்தில் வாங்கி ஓராண்டாக அணிந்து வந்தேன். கவுன்ட்டருக்கு வரும் பெரியவர்கள் “இது எந்தச் சாமி?” என்று கேட்கிறார்கள். ஒரு பாட்டி பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார். மேலாளர் “இதென்ன சின்னப்பிள்ளை மாதிரி?” என்றார். அவருடைய காரின் பின்கண்ணாடியில் ஐபிஎல் அணியின் சிங்கம் ஒட்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகக் கழுத்தில் அரிப்பு, சுடிதாரின் கழுத்துப் பட்டியில் பச்சைக் கறை. ஆவணியில் கும்பகோணத்தில் என் பெரியப்பா மகளுக்குத் திருமணம். அங்கே இதைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வயதில் இப்படி அணிவது தவறா? வெள்ளியிலோ தங்கத்திலோ நன்றாகச் செய்து போட்டுக்கொண்டால் இந்தப் பேச்சுகள் குறையுமா? அதே தொடரின் படம் போட்ட பனியன்களும் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை எங்கே போடலாம்? (பெயர் வேண்டாம், மன்னார்குடி.)

நகை வடிவமைப்பாளரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

நீங்கள் கேட்டிருப்பவற்றுள் அரிப்பை இன்றைக்கே கவனிக்க வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த டாலரையும் அதோடு வந்த சங்கிலியையும் உடனே கழற்றி வைத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் இத்தகைய டாலர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டோ பித்தளைத் தகட்டில் வெட்டப்பட்டோ, மேலே மெல்லிய முலாம் பூசப்பட்டு வருபவை. பச்சைக் கறைக்கும் அரிப்புக்கும் காரணம் ஒன்றே என்று எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை இரண்டும் வேறு வேறு. முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் செம்பு வியர்வையோடு சேர்ந்து பச்சையாகிறது; அது துணியைக் கெடுக்குமே தவிரத் தோலில் பொதுவாகத் தங்குவதில்லை, சோப்புப் போட்டால் போய்விடும். அரிப்பைத் தருவது பெரும்பாலும் நிக்கல். பளபளப்பு நிற்பதற்காக முலாமுக்கு அடியில் நிக்கலை ஓர் அடுக்காகப் பூசுவது மலிவு நகைத் தொழிலில் வழக்கம். மேல் முலாம் கழுத்தின் வியர்வையில் கரையக் கரைய அந்த அடுக்கு வெளியே வருகிறது. ஓராண்டு சும்மா இருந்த டாலர் இரண்டு மாதமாகத் தொல்லை தருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் விடாது. பிறகு கைக்கடிகாரத்தின் அடிப்பாகமோ ஜீன்ஸ் பொத்தானோ பட்டால்கூடத் தோல் தடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலை ஒட்டியே இருக்கும் பொருள் வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளிவிடக் கூடாது என்றும், துளையில் செருகும் தோட்டுத் தண்டுக்கு 0.2 மைக்ரோகிராம்தான் என்றும் சட்டத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால், இது எவ்வளவு பரவலான தொல்லை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். டாலரின் பின்பக்கம் நகப்பூச்சு அடித்துச் சமாளிக்கலாம் என்று உங்கள் தோழிகள் யாராவது சொல்வார்கள்; அது ஒரு வாரம்கூட நிற்காது. கழுத்து ஆறுகிறவரை எதையும் அணியாமல் இருந்து, பத்து நாளில் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி, பேச்சுகள்.

“இது எந்தச் சாமி?” என்ற கேள்வியைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உங்களை முதலில் கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கத்தில் கழுத்தில் ஒரு டாலர் தொங்கினால் அது ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வேல் தொங்கினால் முருகன், மாதா தொங்கினால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற குடும்பம், 786 தொங்கினால் நாகூர்ப் பக்கம் சொந்தம் இருக்கலாம் என்று பார்த்தவுடன் ஆளைப் படித்துவிடுவது இங்குள்ள பெரியவர்களுக்குப் பழக்கம். அவர்கள் படித்த எழுத்துகளில் இல்லாத ஓர் எழுத்து உங்கள் கழுத்தில் தொங்குகிறது, ஆகவே கேட்கிறார்கள். அதற்கு ஒரே வரியில் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: “எனக்குப் பிடித்த ஒரு கதையில் வரும் ஊரோட அடையாளம், தாத்தா.” அதற்கு மேல் அனிமே என்றால் என்ன, அந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விளக்கத் தொடங்கினால், வரிசையில் நிற்கும் நான்கு பேரும் எட்டிப் பார்ப்பார்கள், உங்களுக்கும் வெட்கம் வந்துவிடும். கதையில் வரும் ஊர் என்று சொன்ன மாத்திரத்தில் “அப்படியா!” என்று நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம்.

சிரித்த பாட்டியைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. எங்கள் பட்டறையில் என் தாத்தா காலத்தில் அதிகம் செய்த பொருள்களில் ஒன்று வெள்ளி அரசிலை. சிறுமிகளுக்கு அரைஞாணில் கோத்து முன்பக்கம் தொங்கவிடும் இலை வடிவத் தகடு அது; அரைமூடி என்றும் சொல்வார்கள். கூம்பிய நுனி கீழே பார்த்தபடி, நடுவில் ஒரு சுழியோ பூவோ கொத்தியிருக்கும். இப்போது யாரும் கேட்டு வருவதில்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு வெள்ளி நிறத்தில், நுனி கீழ்நோக்கிய இலையும் அதற்குள் ஒரு சுருளும் எதை நினைவூட்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். குழந்தையின் இடுப்பில் இருக்க வேண்டியது வங்கியில் பணம் எண்ணுகிற பெண்ணின் கழுத்தில் தொங்குகிறதே என்று அவர் சிரித்திருக்கலாம். உங்கள் அனிமேயைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை; அது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது எளிது, கீழே சொல்கிறேன்.

இந்த வயதில் அணியலாமா என்ற கேள்விக்கு, நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். எனக்கு இருபது வயதில் ஒரு நடிகர் மீது அளவற்ற மோகம் இருந்தது. பெயர் வேண்டாம், இன்னும் அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். பட்டறையிலேயே வேலை கற்றுக்கொண்டிருந்தபடியால், ஒரு தீபாவளிக்கு முன் இரவெல்லாம் உட்கார்ந்து அவருடைய முகத்தை ஒரு வெள்ளி மோதிரத்தில் கொத்தி முடித்து, விடிந்ததும் விரலில் மாட்டிக்கொண்டு காப்பி குடிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பட்டறையில் நுண்ணிய வேலைக்கு வைத்திருக்கும் கண்லென்ஸை எடுத்து வந்து மறுபடியும் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “மூக்கு கோணலா இருக்குடா. அவரைப் போட்டுக்கறதுன்னா ஒழுங்காப் போட்டுக்க” என்று சொல்லிவிட்டு உலைக்குப் போய்விட்டார். நடிகரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தில் மோதிரத்தை அன்றே உருக்கிவிட்டேன். உருக்கியிருக்க வேண்டாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது, ஆனால் மூக்கு கோணல்தான்.

முப்பது ஆண்டுகளாக அந்த வார்த்தையை வைத்துத்தான் இத்தகைய நகைகளைப் பார்க்கிறேன். ஒருவர் தனக்குப் பிடித்ததை உடம்பில் அணிவதை நம் ஊர் எந்தக் காலத்திலும் குறையாக எண்ணியதில்லை. திருவாரூரில் எந்தக் கல்யாண வாசலிலும் நின்று பாருங்கள்: கரை வேட்டியின் கரையைப் பார்த்தே யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம், அறுபது வயதுக்காரர் தலைவர் படம் பதித்த மோதிரத்தோடுதான் மொய் எழுதுவார். சித்திரை வைகாசியில் தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் ஏழாம் எண் போட்ட மஞ்சள் பனியன்களை எண்ணி முடியாது. சின்னஞ்சிறு ஆயுதங்களைச் செய்து கழுத்தில் கோத்துக்கொள்வதுகூட நமக்குப் புதிதில்லை. திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய ஐந்தையும் குட்டி குட்டியாக வார்த்துக் குழந்தைகளுக்கு ஐம்படைத்தாலி என்று கட்டியவர்கள் நம் முன்னோர்கள். இன்று ஒரு கல்லூரி மாணவர் தன் தொடரின் நாயகனுடைய வாளைச் சிறு டாலராகச் செய்து தரச் சொல்லும்போது, என் கை செய்வது ஏறக்குறைய அதே வேலையைத்தான். ஆகவே மக்கள் முகம் சுளிப்பது ரசிப்புக்காக என்று நான் நம்பவில்லை. முலாம் உரிந்து, ஓரம் மழுங்கி, அளவில் பெரியதாகத் தொங்கும் ஒரு பொருள் முதல் பார்வைக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரிகிறது. அதன் பிறகுதான் அது என்ன என்று கேட்கிறார்கள், பதிலும் ஒரு கார்ட்டூன் கதை என்று வரும்போது “சின்னப்பிள்ளை” என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. அதே சின்னம் ஒழுங்கான வெள்ளி வேலையாக இருந்தால் முதல் பார்வை அங்கேயே நின்றுவிடும், “எங்கே செய்தது?” என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஆனால் உங்கள் மேலாளரிடம் இந்த வாதத்தையெல்லாம் கொண்டுபோக வேண்டாம். அவருடைய காரில் ஒட்டியிருக்கும் சிங்கத்தை ஒருபோதும் இழுக்க வேண்டாம். நீங்கள் சொல்வது நியாயம்தான், இருந்தாலும் அதைச் சொன்ன நாளிலிருந்து அவர் உங்கள் டாலரைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். வங்கியில் உடை, அணிகலன் குறித்து எழுத்தில் ஏதேனும் விதி இருக்கிறதா என்று மட்டும் அமைதியாக விசாரியுங்கள். இருந்தால் அதற்கு உட்பட வேண்டியதுதான். அப்போது வேல் டாலருக்கும் இலை டாலருக்கும் விதி ஒன்றாகவே இருக்கும். விதி இல்லை, அவருடைய கருத்து மட்டும்தான் என்றால், புதிய டாலரை அடையாள அட்டையின் பட்டையோடு சிக்காதபடி, கழுத்தெலும்புக்குச் சற்றே கீழே நிற்கும் அளவுக்குச் சங்கிலியைக் குட்டையாக்கி அணிந்துகொள்ளுங்கள். பணம் எண்ணும்போது முன்னால் வந்து ஆடி மேசையில் தட்டுகிற டாலர்தான் பார்க்கிறவர் கண்ணை முதலில் இழுக்கிறது. (அரவை ஆலையிலோ லேத் பட்டறையிலோ வேலை பார்க்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது, சுழலும் இயந்திரத்தின் அருகே எந்தச் சங்கிலியும் எந்த நீளத்திலும் கூடாது.)

இப்போது டாலருக்கு வருகிறேன். தங்கம் வேண்டாம், வெள்ளியில் செய்யுங்கள். தங்கம் விற்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன் என்று சக தொழிலாளர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆனால் 916 என்று நாம் சொல்லும் 22 காரட் தங்கம் மென்மையானது. சுருளின் மெல்லிய கோடுகள் நாள்பட நாள்பட அழுந்தி மறையும். அரைப் பவுனில் செய்தால் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து ஒரு தொகை ஆகும். பின்னாளில் மாற்ற நினைத்தால் அந்தத் தொகை திரும்பி வராது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வீட்டுத் தங்கம் என்பது குடும்பத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். அவசரத்துக்கு அடகு வைக்கலாமா, தங்கைக்கு மாற்றிக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழும்போது உங்கள் இலைக்கும் அதில் ஒரு பங்கு வந்துவிடும். நான்கைந்து கிராம் வெள்ளியின் மேல் யாரும் கண் வைப்பதில்லை. அது உங்களுடையதாகவே இருக்கும்.

வெள்ளி என்றால் 925 என்று கேளுங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு; சுத்த வெள்ளி வளைந்துவிடும் என்பதால் உறுதிக்காகச் சேர்ப்பது அது. முலாம் ஏதாவது பூசுகிறார்கள் என்றால் அடியில் நிக்கல் இல்லை என்பதை வாய்மொழியாக இல்லாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள். உங்களுக்கு ஒவ்வாமை இருப்பதால் முலாமே இல்லாமல் வெறும் மெருகோடு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சங்கிலியை மறந்துவிட வேண்டாம். டாலரை வெள்ளியில் செய்துவிட்டுப் பழைய சங்கிலியிலேயே கோத்துக்கொண்டு, அரிப்புப் போகவில்லையே என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. வெள்ளியே வேண்டாம், தினசரி உபயோகத்துக்கு இன்னும் முரட்டுத்தனமாக ஒன்று வேண்டும் என்று நினைத்தால் டைட்டானியம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பயன்படும் 316எல் ரக எஃகில் நிக்கல் கலந்திருந்தாலும் அது இறுகப் பிடித்து வைக்கப்பட்டிருப்பதால் வெளியே விடுவது மிகக் குறைவு. இருந்தாலும் ஏற்கெனவே தடித்துப்போன உங்கள் கழுத்துக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

வடிவத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. தொடரில் வருகிற சின்னத்தை அச்சு மாறாமல் செய்து தர எங்கள் பட்டறை ஒப்புக்கொள்வதில்லை. பதிவு பெற்ற வணிகச் சின்னத்தையோ பதிப்புரிமை உள்ள ஓவியத்தையோ உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்து விற்பது, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தோடும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தோடும் மோதும் விஷயம். அச்சு மாறாத சின்னம்தான் வேண்டுமென்றால், தயாரிப்பாளர்களே உரிமம் கொடுத்து விற்கும் பொருளை வாங்குவது முறை. அப்போதும் அது என்ன உலோகம் என்று பார்த்து வாங்குங்கள். என்னிடம் வந்தால் நான் வேறொன்று சொல்வேன். அந்தச் சின்னத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்பேன். இலையா, சுருளா, அந்த ஊரா? பெரும்பாலும் பதில் சொல்லத் தடுமாறுவார்கள், பிறகு ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அதிலிருந்து புதிதாக ஓர் இலையை வரைவோம். தொடரைப் பார்த்த ஒருவர் உங்களைப் பேருந்தில் கண்டால் ஒரு கணம் கூர்ந்து பார்த்துவிட்டுப் புன்னகைக்க வேண்டும். பார்க்காதவருக்கு அது ஒரு நல்ல இலையாக மட்டும் தெரிய வேண்டும். நான் ஒரு டாலரை ஒப்புக்கொள்வதற்கு முன் வைத்துப் பார்க்கும் அளவுகோல் இவ்வளவுதான்.

அரசிலைச் சிக்கலுக்கு வருவோம். நுனியைக் கீழே விடாமல், காம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் விழுகிற இலையைப் போல வளையத்தில் கோணலாகத் தொங்கும்படி வைத்துவிட்டால் அந்த ஒற்றுமை அடியோடு போய்விடும். இலையின் பரப்பைத் தட்டையாக விடாமல் நடு நரம்பை ஒட்டி லேசாகக் குவித்தால் வெளிச்சம் விழுந்து எழும். தகட்டில் வெட்டியது போலத் தெரியாது. உயரம் 16 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். சுருளை மேலே கொத்துவதற்குப் பதிலாக அறுத்துத் திறந்துவிடலாம், அப்போது உங்கள் தோலின் நிறமே கோடாகத் தெரியும். கொத்தித்தான் வேண்டும் என்றால் பள்ளங்களில் கருமை ஏற்றச் சொல்லுங்கள். கந்தகக் கரைசலில் முக்கி, மேட்டுப் பகுதியை மட்டும் மெருகிட்டால் கோடுகள் தெளிவாக நிற்கும். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடு கணினித் திரையில் அழகாக இருக்கும், மெருகு போடும்போது அடைத்துக்கொள்ளும். எத்தனை முறை சொன்னாலும் இளம் வாடிக்கையாளர்கள் அதை நம்புவதில்லை, முதல் வார்ப்பைக் காட்டிய பிறகே நம்புகிறார்கள்.

செய்முறையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் நீங்கள் பேரம் பேச உதவும். எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுவாமிமலையில், சிலை வார்ப்பதற்குத் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நகையில் இப்போது பலர் கணினியில் வரைந்து மெழுகு போன்ற பிசினில் இயந்திரத்தால் அச்செடுக்கிறார்கள், மண்ணுக்குப் பதில் ஜிப்சம் கலந்த மாவுக் கலவையை ஊற்றுகிறார்கள். மற்றபடி வேலை அதேதான். ஒரே ஒரு டாலருக்குச் செலவு பெரும்பாலும் வரைவதிலும் அச்சிலும்தான் ஆகும், வெள்ளியில் ஆவது சொற்பம். ஆகவே எடையைக் குறைத்தால் விலை குறையும் என்று நினைக்க வேண்டாம். அதே அச்சில் சிறியதாக இரண்டு தோடுகளும் சேர்த்து ஊற்றச் சொன்னால் கூடுதலாக ஆகும் தொகை எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். பச்சை நிறம் வேண்டுமென்று தோன்றினால், உலையில் சுட்ட மீனா வேலை என்கிறார்களா, குளிர் எனாமல் என்கிறார்களா என்று கேளுங்கள். முன்னது கண்ணாடிப் பொடியை 750 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி ஒட்டுவது, பின்னது பிசின். இரண்டும் கெட்டதில்லை; ஆனால் பிசின் நாளடைவில் மங்கும், விலையும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

கொக்கியை மட்டும் சிக்கனமாக வைக்காதீர்கள். எஸ் கொக்கி அவிழ்ந்து, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் குனிந்தபோது டாலரைக் காவிரிக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வெள்ளி கறுக்கும், காற்றில் இருக்கும் கந்தகம் படிவதால் அப்படி ஆகிறது, கலப்படம் என்று பயப்பட வேண்டாம். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்தால் போதும். வீட்டில் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். வெறும் வெள்ளிக்கு அது நல்ல பழக்கம்தான், ஆனால் கருமை ஏற்றிய பள்ளத்தில் விபூதியைக் கொண்டுபோய்த் தேய்த்தால் நாங்கள் ஏற்றியதையும் சேர்த்து எடுத்துவிடும்.

திருமணத்தைப் பற்றி உங்கள் அம்மா சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை கட்டி, ஆரமோ அட்டிகையோ போட்டுக்கொண்டு, அதற்கு நடுவில் ஒரு வெள்ளி டாலரும் தொங்கினால் இரண்டுமே கெட்டுப்போகும். தொடர் பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மற்ற பாதி, நீங்கள் எழுதாமல் விட்டது. 26 வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் நிறைந்த மண்டபத்துக்குள் நுழையும் தாய்க்கு, யார் யார் கண்ணில் மகள் எப்படிப் படுவாள் என்ற கவலை இருக்கும். அதை அவர் டாலரின் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. இது நகைக்காரன் தீர்க்கக் கூடிய விஷயம் இல்லை. ஆனால் டாலரை ஒட்டிச் சண்டை போடாமல் இருந்தால், அந்தக் கவலையை அவர் நேராகப் பேசவாவது வழி பிறக்கும்.

உங்கள் இலை மண்டபத்துக்குள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதற்குக் கழுத்தைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. ரவிக்கைக் கையில் ஆரி வேலை செய்யக் கொடுக்கிறீர்கள் அல்லவா? மாங்காய்களுக்கு நடுவே இரண்டு இலைகளைச் சுருளோடு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மாங்காயும் வளைந்து சுருண்ட வடிவம்தான், யாருக்கும் உறுத்தாது, உங்கள் தோழிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். முந்தானையைத் தோளில் நிறுத்தும் புடவை ஊசியின் தலையில் அந்த இலையை வைக்கலாம். சென்ற ஆண்டு ஓர் இளம்பெண், கொரிய இசைக்குழு ஒன்றின் ரசிகை, அந்தக் குழுவின் ரசிகர்கள் தங்களுடையது என்று கொண்டாடும் ஊதா நிறத்தில் திருபுவனம் பட்டு எடுத்து, அதற்கு ஏற்ற கல் வைத்துத் தோடு செய்யச் சொல்லி வந்தார். கூட வந்த பாட்டி, “பேத்திக்குக் கத்திரிப்பூக் கலர்னா அவ்வளவு ஆசை” என்று பெருமையாகச் சொன்னார். பேத்தி என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். அந்தத் தோடுகளை மிக நன்றாகச் செய்து கொடுத்தேன்.

பனியன்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தொழில்முறைத் தகுதி இல்லை, எனவே சுருக்கமாக. அலுவலகத்துக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெருவுக்கும் பயணத்துக்கும் தாராளமாகப் போடலாம். முன்பக்கம் முழுவதும் தடித்த அச்சு இருக்கும் கறுப்புப் பனியன் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஆகாது என்பதை உங்கள் உடம்பே சொல்லியிருக்கும். அதில் ஜப்பானிய எழுத்து இருந்தால் என்ன பொருள் என்று மட்டும் தெரிந்துகொண்டு அணியுங்கள்.

திருமணம் ஆவணி என்கிறீர்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் பட்டறைகளில் கைவேலைக்கு இப்போது நேரம் இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் தாலியும் மெட்டியுமாகக் குவிந்து, தனி டாலரை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். எந்தப் பட்டறைக்குக் கொடுப்பதானாலும் இந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். போகும்போது கைபேசிப் படத்தை மட்டும் நம்பாமல், உங்களுக்குப் பிடித்த அளவில் இலையை ஒரு காகிதத்தில் வரைந்து வெட்டி, கண்ணாடி முன் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தையே எடுத்துச் செல்லுங்கள். பழைய டாலரையும் கொண்டுபோங்கள், அணிவதற்கு அல்ல. எந்த இடத்தில் முலாம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், உங்கள் கழுத்தில் அது எங்கே உரசுகிறது என்பது செய்கிறவருக்குத் தெரிந்துவிடும்.